பிடிக்காதவளுக்கு ஒரு புன்னகை

கிட்ட வாங்க, கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. அடுப்பை அணைத்தாகிவிட்டதா? துணி எடுத்து வைத்தாகிவிட்டதா? ஆகவில்லை என்றாலும் போகட்டும், அது எங்கேயும் ஓடிவிடாது. இந்த வாரம் ஒரு சிரிப்பின் கதையைச் சொல்லப்போகிறேன். வாங்கிக்கொண்டவள் இரண்டு வருஷம் அதில் குளிர் காய்ந்தாள். அது எதற்காகக் கிடைத்தது என்று தெரிந்த அன்று அதுவே அவளைச் சுட்டது. அந்த ஒரு நாளைத்தான் சொல்கிறேன்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவர், தம்பி மூக்குக்கண்ணாடி செய்பவர். அவர்கள் பெண்டாட்டிகள் இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறார்கள். மூத்தவள் அங்கே மேற்பார்வை. சின்னவள் கல்யாணமாகி வந்து மூன்று வருஷம்.

முதல் இரண்டு வருஷம் மூத்தவள் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். ‘வாம்மா, உட்காரும்மா’ என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அப்புறம் ஒரு நாள் சலவைக்கூடத்தில் உருளை மெஷின் பக்கத்தில், எல்லோர் எதிரிலும், ‘ஏண்டி, கையை எடுடி, அறிவிருக்கா’ என்று ஒரு கத்தல். அன்றோடு அந்த வாம்மா போயிற்று. ஒரு வருஷமாகத் தொட்டதற்கெல்லாம் திட்டுதான். அலமாரி திறந்து கிடந்தால் திட்டு, குடை மறந்தால் திட்டு, குறைவாகச் சாப்பிட்டால் அதற்கும் திட்டு.

சின்னவளால் தாங்க முடியவில்லை. தனிக்குடித்தனம் போகலாம் என்று புருஷனை நச்சரித்தாள். அவரும் நாலு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்துவிட்டார். இன்றைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள் வேண்டும், வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். போன வாரம் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு பேருக்கும் பொதுவான அலமாரியிலிருந்து மூத்தவளின் சின்னப் புத்தகம் ஒன்று கீழே விழுந்ததே, அந்த இடத்தில்தான் விட்டோம்.

அது சிறுமலர் என்று சொல்வார்களே, புனித குழந்தை தெரேசா, அவருடைய சரித்திரம். பதினைந்து வயதில் மடத்தில் சேர்ந்து இருபத்து நாலு வயதில் இறந்துபோனவர். பெரிய காரியம் எதுவும் செய்யவில்லை. பாத்திரம் கழுவுவதையும் துணி துவைப்பதையும் பெருக்குவதையும் ஆண்டவருக்காக அன்போடு செய்தார். அவ்வளவுதான். மூத்தவளுக்கு அவர்மேல் அப்படி ஒரு பக்தி. வேலையிடத்துப் பெட்டிக்குள்ளேகூட அவர் படம் ஒட்டியிருப்பாள்.

காலையில் பஸ்ஸில் சின்னவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மூத்தவள் எப்போதும்போல ஒரு மணி நேரம் முன்னாலேயே போயிருந்தாள். இவள் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்த அந்தப் புத்தகத்தை எடுத்தாள். படிக்கவேண்டும் என்று எடுக்கவில்லை. இவ்வளவு பக்தியுள்ளவள் என்னை ஏன் இப்படிக் குதறுகிறாள், அப்படி இதில் என்னதான் எழுதியிருக்கிறது என்ற வயிற்றெரிச்சல்தான்.

புத்தகம் தானாகவே ஒரு பக்கத்தில் திறந்துகொண்டது. அடிக்கடி திறந்த பக்கம் போலிருக்கிறது.

சிறுமலர் இருந்த மடத்தில் ஒரு கன்னியர். அவருடைய பேச்சு, நடை, குணம் எதுவுமே சிறுமலருக்கு ஒத்துவராது. பார்த்தாலே எரிச்சல். அதனால் சிறுமலர் ஒரு முடிவு செய்தாராம். தமக்கு மிகவும் பிரியமான ஒருத்திக்கு என்னென்ன செய்வாரோ அதையெல்லாம் இந்தக் கன்னியருக்குச் செய்வது. எதிரே வந்தால் சிரிப்பது. அவர் வேலையை வாங்கிச் செய்வது. வாயில் கடுஞ்சொல் வந்தால் விழுங்கிவிடுவது. கடைசியில் அந்தக் கன்னியரே ஒருநாள் முகம் மலர்ந்து கேட்டாராம், என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறீர்களே, என்னிடம் அப்படி என்ன பிடித்துப்போயிற்று என்று.

ஓரத்தில் பென்சிலால் மூத்தவளின் கையெழுத்து. ‘இவள்தான். இன்றிலிருந்து.’ கீழே ஒரு தேதி.

சின்னவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவள் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த எட்டாம் நாள்.

அதைவிட மோசம் என்னவென்றால், அவளும் ஒருநாள் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். காய்ச்சலில் படுத்திருந்தபோது, ஏன்க்கா உங்களுக்கு என்னை இவ்வளவு பிடிக்குது, இவ்வளவு பிடிக்குது என்று. எதையும் இரண்டு தரம் சொல்வது அவள் பழக்கம். மூத்தவள் சிரித்துக்கொண்டே போர்வையை இழுத்து விட்டாள்.

இறங்கவேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போயிருந்தது. நடந்தே திரும்பினாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. இந்த ஒரு வருஷத் திட்டு போகட்டும், அந்த இரண்டு வருஷமாவது நமக்குச் சொந்தம் என்று நினைத்திருந்தாளே, அதுவும் இல்லையா? அந்த வீட்டில் ஒரு நாள்கூட அவளை யாருக்கும் பிடிக்கவில்லையா? பிடித்திருந்தால் இருப்பது, இல்லையென்றால் ஆறு மணிக்குச் சரி என்று சொல்லிவிட்டுப் போவது. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

சலவைக்கூடத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அழுக்குத் துணி வரும், இந்தப் பக்கம் சுத்தமாகப் போகும். வாஷிங் டிரம் ஒவ்வொன்றும் ஓர் ஆள் உள்ளே நிற்கிற உயரம். துவைத்த படுக்கை விரிப்பை நீளமான சூட்டு உருளைக்குள் விட்டால் மறுபுறம் இஸ்திரி போட்டு வந்துவிடும். அதை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்கவேண்டும். முனைகளைப் பிடித்து உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, முனையைக் கையில் கொடுத்து, மறுபடி விலக வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு தடவை முகத்துக்கு முகம் வந்தாக வேண்டிய வேலை.

வழக்கமாகச் சின்னவளுக்கு எதிரே நிற்பவள் கிழிசல் தைக்கும் பெண். அன்றைக்கு அவள் லீவு. ஆபரேஷன் தியேட்டருக்குப் பன்னிரண்டு மணிக்குள் நாலு வண்டி துணி போகவேண்டும். அதனால் மூத்தவளே கையை மடித்துவிட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றாள். வந்ததும் முதல் வேலையாக, ஏன் லேட்டு, சாப்பிட்டியா இல்லையா, முகம் ஏன் இப்படிப் பேயறைந்தாற்போல இருக்கு என்று ஒரு பாட்டம் திட்டினாள்.

சின்னவள் நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.

“சரிங்கக்கா” என்றாள். ஒரே ஒரு தரம்.

முதல் விரிப்பு மடிந்தது. இரண்டாவதில் ஓரம் கோணிவிட்டது என்று மூத்தவள் கடிந்துகொண்டாள். சின்னவள் சிரித்தாள். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டாள். மூன்றாவது, நாலாவது, பத்தாவது. என்ன சொன்னாலும் அதே சிரிப்பு, பல் தெரிந்தும் தெரியாமலும். பக்கத்து மேஜையில் தலையணை உறை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள், இன்றைக்கு ஓர்ப்படிகளுக்குள் அப்படி என்ன ஒட்டு என்று கண்ஜாடை காட்டிக்கொண்டார்கள்.

மூத்தவளுக்கு மட்டும் கை ஓடவில்லை. ஒரு விரிப்பை இழுத்துப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துணி இரண்டு பேருக்கும் நடுவில் விறைப்பாக நின்றது.

“இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். எங்கேருந்து எடுத்தே?”

“உங்க புத்தகத்துலேருந்துதான். உங்க புத்தகத்துலேருந்துதான்க்கா. பென்சில்ல குறிச்சு வெச்சிருந்தீங்களே.”

மூத்தவள் பொய் சொல்லியிருக்கலாம். அது வேறு யாரையோ பற்றி எழுதினது என்று சொல்லியிருந்தால், நம்ப ஆசைப்பட்டவள்தானே, நம்பியிருப்பாள். ஆனால் மூத்தவள் அந்த ரகமில்லை. துணியை மடி என்று தலையாட்டினாள். இரண்டு பேரும் நடந்து நெருங்கினார்கள்.

“எட்டே நாள்ல என்னைப் பிடிக்காம போச்சாக்கா?”

“மூணாம் நாளே பிடிக்கல.”

பக்கத்து மேஜையில் தலைகள் குனிந்தன. காதுகள் குனியவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள் மூத்தவள். சொன்னதையே இரண்டு தரம் சொல்வது. திறந்த கதவை மூடாமல் போவது. அடுத்தவர் பேசும்போது வாய்க்குள் பாடிக்கொண்டே இருப்பது. வேடிக்கைப் பேச்சு சொல்ல ஆரம்பித்துவிட்டு முடிப்பதற்குள் தானே சிரித்துவிடுவது, அதனால் அந்த வீட்டில் இதுவரை யாரும் அவள் வேடிக்கைப் பேச்சை முழுசாகக் கேட்டதில்லை.

“நான் ரெண்டு தரமா சொல்றேன்? ரெண்டு தரமா?” என்றாள் சின்னவள். தலையணை உறைப் பக்கத்திலிருந்து ஒரு கமறல் கேட்டது. அவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. குரல் உடைந்துவிட்டது. “அப்போ ரெண்டு வருஷமும் நடிச்சிருக்கீங்க.”

“நடிப்புன்னா பார்க்க ஆள் வேணும். நீ தூங்கினப்புறம் உன் நனைஞ்ச செருப்பைத் துடைச்சு உள்ளே வெச்சேனே, அதை யார் பார்த்தா? எனக்கு உன்மேல பிரியம் இல்ல. இல்லாத பிரியத்தை என்கிட்டேருந்து எடுக்க முடியாது. ஆனா பிரியம் இருக்கறவ செய்யறதைச் செய்ய முடியும். சிறுமலர் அதைத்தானே செஞ்சாங்க. எனக்கு அவங்களை விட்டா வேற யாரைத் தெரியும், சொல்லு.”

விரிப்புகள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு பேரும் மடித்துக்கொண்டே பேசினார்கள். விலகும்போது ஒரு வார்த்தை, நெருங்கும்போது ஒரு வார்த்தை.

சிறுமலர் இன்னொன்றும் செய்தாராம். அந்தக் கன்னியரைப் பார்க்கும்போதெல்லாம் அவரிடம் இருக்கிற நல்ல குணங்களை எடுத்து ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பாராம். மூத்தவளும் அதைச் செய்வதற்காக முழங்கால் போட்டாள். முதல் நாள் அரை மணி நேரம் ஆகியும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், ஆண்டவரே, இவள் விரிப்பை நேராகப் பிடிப்பாள் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாளாம்.

“அடுத்த நாள் சொல்றதுக்கு வேற வேணுமே. சொன்னதையே சொல்ல நான் என்ன நீயா? அதுக்காக உன்னைப் பார்க்க வேண்டியதாப் போச்சு. தினம் பார்த்தேன். தீக்காய வார்டுத் துணி வந்தா ஒவ்வொருத்தரும் ஒதுங்குவாங்க. நீ மட்டும் பாடிக்கிட்டே எடுத்துப் போடுவே. அந்தப் பாட்டுதான் எனக்கு எரிச்சல். அந்தப் பாட்டைத்தான் ஒருநாள் ஆண்டவர்கிட்ட சொன்னேன். குழந்தைங்க வார்டுச் சட்டையில நாடாவையெல்லாம் பிரிச்சு நீவி விட்டுத்தான் அடுக்குவே, அவசரத்துல நர்சுங்க திண்டாடக் கூடாதுன்னு. யாரும் சொல்லித் தரல. இப்படி ஒண்ணு ஒண்ணா சேர்ந்து போச்சு. எப்ப மாறிச்சுன்னு எனக்கே தெரியாது.”

“மாறினதாலதான் அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அப்படிக் கத்தினீங்களாக்கும்.”

மூத்தவள் துணியைக் கீழே வைத்துவிட்டாள். மடிக்காமல் வைத்தாள். அந்தக் கூடத்தில் அவள் அப்படி வைத்து யாரும் பார்த்ததில்லை.

“உருளை ஓடிக்கிட்டிருக்கு. நீ ஒரு சுருக்கத்தை எடுக்கறேன்னு உள்ளே கையை விட்டே. அன்னிக்கு எனக்குச் சிரிக்கணும்னு ஞாபகம் வரல, சிறுமலரும் ஞாபகம் வரல. கத்திட்டு, டிரம்முக்குப் பின்னாடி போய் உட்கார்ந்து அழுதேன். கூடப் பிறந்தவளைத் திட்டற மாதிரி திட்டியிருக்கேன்னு அப்பத்தான் உறைச்சுது. அதோட உன்கிட்ட பாடுபட்டுச் சிரிக்கறதை விட்டுட்டேன். வேண்டியிருக்கல.”

சின்னவளுக்குக் காலையிலிருந்து இருந்த ஆற்றாமை கொஞ்சம் தணிந்தது. ஆனால் முழுசாகத் தணியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டாள்.

“பிடிக்காதப்ப தாங்கினீங்க. பிடிச்சதும் திட்ட ஆரம்பிச்சிட்டீங்க. எனக்கு எப்படிக்கா தெரியும்? ஒரு வருஷமா வேலை முடிஞ்சு வீட்டு வாசல்ல கால் வைக்கும்போது வயித்தைப் பிசையும். பிடிச்சவங்களைத் திட்டச் சொல்லிச் சிறுமலர் எங்கேயாவது சொல்லியிருக்காங்களா?”

மூத்தவள் இதை எதிர்பார்க்கவில்லை. கண்ணுகளா, சொல்வதைக் கேளுங்கள், அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. திட்டித் திட்டி, தான் ஒருத்தியிடம் உரிமையோடு பழகுவதாக நினைத்திருந்தாள். எதிரே நிற்பவள் வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறாள் என்று ஒருநாளும் தோன்றவில்லை. முன்பெல்லாம் ஆண்டவரிடம் சொல்வதற்காக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்துப்போனதும் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். “பிடிக்காதவங்களுக்குச் செய்யறதுதான் கஷ்டம், அதுதான் பக்தின்னு நினைச்சுட்டேன். பிடிச்சவங்ககிட்டயும் பாடுபடணும்னு தோணவே இல்ல. சோம்பல்தான். தப்பு என்மேலதாம்மா.”

“அந்த ம்மா வேண்டாம்க்கா. இப்ப அதைக் கேட்டா பயமா இருக்கு.”

தலையணை உறைப் பக்கம் இந்தத் தடவை அடக்க முடியாமல் சிரித்துவிட்டது.

வீடு பார்த்த விஷயம் மூத்தவளுக்கு ஒரு வாரமாகவே தெரியும். கொழுந்தன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். தெரியாததுபோல இருந்ததற்குக் காரணம், தடுப்பதற்குத் தனக்கு என்ன பாத்தியம் இருக்கிறது என்ற நினைப்பு. அதை இப்போது சொன்னாள். போவதென்றால் தாராளமாகப் போகட்டும். ஆனால் காலையில் சிரித்தாளே, அந்தச் சிரிப்போடு போகக் கூடாது.

“ஒரு வருஷமா உள்ளே வெச்சிருக்கறதையெல்லாம் கொட்டிட்டுப் போ. நான் கேட்டுக்கறேன்.”

சின்னவள் கொட்டினாள். முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் மடை திறந்ததுபோல. தன் சமையலை மூத்தவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் தட்டில் போட்டுக்கொள்வதைச் சொன்னாள். அம்மா வீட்டிலிருந்து போன் வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவதைச் சொன்னாள். இஸ்திரி மடிப்புபோல மனுஷர்களையும் மடித்து வைக்கப் பார்க்கிறீர்கள் என்றாள். எல்லாவற்றையும் இரண்டு தரம் சொன்னதால் நேரம் கொஞ்சம் கூடுதலாகவே ஆயிற்று. மூத்தவள் ஸ்டூலை விட்டு எழுந்து, நின்றுகொண்டே கேட்டாள். ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

“முடிஞ்சுதா?” என்றாள் கடைசியில்.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருந்துச்சு. மறந்துபோச்சு.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று சொல்ல முடியாது. தியேட்டர் வண்டி தள்ளுகிறவர் துணிக்காக வந்து நின்றபோது, மேற்பார்வைக்கார அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து, வந்த வழியே கொஞ்சம் பின்வாங்கினார். அப்புறம் மீதி விரிப்புகளை இரண்டு பேரும் எப்படி மடித்தார்கள் என்கிறீர்கள், பன்னிரண்டு அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே நாலு வண்டியும் போய்விட்டது.

சாப்பாட்டு நேரத்தில் சின்னவள் புருஷனுக்குப் போன் போட்டாள். கண்ணாடிக்காரர் யாருக்கோ ஃபிரேம் முடுக்கிக்கொண்டிருந்தார். வீடு வேண்டாம், ஆறு மணி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றாள். கோபித்துக்கொள்வாரோ என்று இவளுக்குப் பயம்.

“அப்பாடா” என்றார் அவர். நீளமாகச் சொன்னார்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்த வீட்டு அடுப்படி ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர் மூக்கில் இடிக்கும். குளியலறைக்குக் கதவு பாதிதான் மூடும். அவள் அழுகையைப் பார்க்கச் சகிக்காமல்தான் எல்லாம் பிரமாதம் என்று சொன்னாராம். பாவம், ஒரு வாரமாக மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. அன்று மத்தியானம் கடையில் இரண்டு ரொட்டி கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று கேள்வி.

டீ குடிக்கும்போது சின்னவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தச் சிரிப்பை வாங்க என் இடத்தில் இப்போது யார் என்று கேட்டாள். மூத்தவள் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே, அதைச் சொன்னால் செய்கிற காரியம் கெட்டுப்போகும் என்றாள். புத்தகத்தில் ஓரத்தில் எழுதினது பெரிய முட்டாள்தனம், இனிமேல் எதையும் எழுதுவதாக இல்லை என்றும் சொன்னாள். அதற்குமேல் வாயைப் பிடுங்க முடியவில்லை.

சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். வாசலில் கால் வைத்தபோது சின்னவளுக்கு வயிறு பிசையவில்லை. பிசைகிறதா என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். கட்டின பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினாள். கண்ணாடிக்காரர் அண்ணியைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அண்ணி அவரைத் திட்டுவதற்காக வாயெடுத்து, எடுத்த வாயை மூடிக்கொண்டு, பசிக்கிறதா என்று கேட்டாள்.

அந்தி சாய்கிற நேரத்துக்கு மூத்தவர் வந்தார். கையெல்லாம் லிஃப்ட் கிரீஸ். தோளில் கருவிப் பை. மூத்தவள் எழுந்து போய்ப் பையை வாங்கி வைத்தாள். துவாலையை எடுத்துக் கொடுத்தாள்.

“உட்காருங்க. களைச்சுப் போயிருப்பீங்க” என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

சின்னவளின் கையிலிருந்த புடவை பாதி மடிப்பில் நின்றது.

அந்தச் சிரிப்பை அவளைப்போல அறிந்தவர்கள் உலகத்தில் யாரும் கிடையாது. இரண்டு வருஷம் வாங்கினவள். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு அது ஏன் போகிறது? இந்த வீட்டில் தனக்குத் தெரியாமல் என்ன நடந்திருக்கிறது? மூத்தவரோ முகமெல்லாம் பூரித்துப்போய், இரண்டு வாரமாக உன் அண்ணிக்கு என்மேல் ஒரே அக்கறைதான் போ என்று தம்பியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

மூத்தவள் திரும்பினாள். சின்னவள் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள். ஒரு நொடி அவள் கண்ணில் ஏதோ கெஞ்சுவதுபோல வந்து போயிற்று. அடுத்த நொடியே, ஏண்டி மரம் மாதிரி நிக்கறே, அடுப்புல தண்ணி கொதிச்சு வழியுது பாரு என்று ஒரு அதட்டல். அதட்டிவிட்டு வழக்கம்போலப் போய்விடவில்லை. பக்கத்தில் வந்து, புடவையின் மறுமுனையைப் பிடித்து, மடிப்பை முடித்துக்கொடுத்துவிட்டு, அவள் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

கேட்டுக்கொண்டிருந்த என் கண்ணுகளா, உங்கள் வீடும் நன்றாக இருக்கட்டும். உங்களுக்குப் பிடிக்காதவரிடமும் ஒரு நல்ல குணம் நாளைக்கு உங்கள் கண்ணில் படட்டும். உங்களுக்குப் பிடித்தவர்களைப் பார்க்கும் கண் உங்களுக்கு ஒருநாளும் சோம்பிப் போகாதிருக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லாம் பயமில்லாமல் உங்கள் வாசலில் கால் வைக்கட்டும்.